அயற்கூற்றும் ராஜதுரோகமும்: வத்தலக்குண்டிலிருந்து சில இலக்கணக் குறிப்புகள்

பள்ளிக்கூடத்து ஆங்கில இலக்கணத்தில் சிம்பிள் பிரசன்ட் டென்ஸ் முதலில் வரும்; ரிப்போர்ட்டட் ஸ்பீச் கடைசியில் வரும். முன்னது சுலபம், பின்னது கஷ்டம் என்று ஒரு பொது அபிப்பிராயம் உண்டு. 'சூரியன் கிழக்கே உதிக்கிறது' என்பதில் யாருக்கு என்ன கஷ்டம்? 'நாளைக்கு வருகிறேன் என்றான்' என்பதை மாற்றச் சொல்லும்போதுதான் பையன்கள் முழிப்பார்கள். இந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவே ஒரு ஆட்சியின் வரலாறு கிடக்கிறது என்பதும், அந்த வரலாற்றில் எங்கள் வத்தலக்குண்டுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதும்தான் இங்கு என் பேச்சு.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். ஊரில் ஒரு டுடோரியலில் சில வருஷம் தமிழ் எடுத்தேன். ஆங்கிலத்துக்கு ஆள் கிடைக்காததால் அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பத்தாவதில் கோட்டு வாங்கிய பையன்கள், பிள்ளைகள். தமிழ் படித்தவன் ஆங்கில இலக்கணத்தை எடுக்கும்போது ஒரு லாபம் இருக்கிறது. விதிகளை விதிகளாக ஏற்க முடியாமல், இது ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றும்.

விதிகளைப் பாருங்கள். பேசியவனின் 'நான்' 'அவன்' ஆக வேண்டும். நிகழ்காலம் இறந்தகாலமாக வேண்டும். 'இங்கே' 'அங்கே' ஆகும், 'இன்று' 'அன்று' ஆகும், 'இது' 'அது' ஆகும். மேற்கோள் குறி போய்விடும். பேசியவனின் உடம்பு நின்ற இடம், அவன் மூச்சு விட்ட நேரம், அவன் விரல் நீட்டிக் காட்டிய பொருள் எல்லாம் அறிவிக்கிறவனின் நாற்காலியிலிருந்து திரும்ப அளக்கப்படுகின்றன. இது போதாதென்று, பேச்சின் தொனி என்ன என்று தீர்மானிப்பதும் அறிவிக்கிறவன் பொறுப்பாகிறது. 'போ' என்ற ஒரே சொல்லைக் கட்டளையிட்டான் என்றும் எழுதலாம், கேட்டுக்கொண்டான் என்றும் எழுதலாம், புத்தி சொன்னான் என்றும் எழுதலாம். பையன்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். வாக்கியத்தில் 'மாஸ்டர்' என்று இருந்தால் 'ஆர்டர்டு' போடு, 'சர்வன்ட்' என்று இருந்தால் 'ரிக்வெஸ்டட்' போடு. பெரும்பாலும் மார்க் விழுந்துவிடும். எந்த மார்க்சியப் பாடமும் இல்லாமலே இலக்கணத்தின் வர்க்க குணத்தை அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

தமிழ் வேறு விதமாக வேலை செய்கிறது. 'வர்றேன்னு சொன்னான்' என்கிறோம். சொன்னது முடிந்துபோன காரியம். ஆனால் 'வர்றேன்' அப்படியே இருக்கிறது. காலம் மாறவில்லை, இடம் மாறவில்லை. 'என்' என்னும் வினையடியாகப் பிறந்த 'என்று', பேச்சுவழக்கில் 'ன்னு', அடுத்தவன் பேச்சைக் கையில் ஏந்திக் கொண்டுவந்து வைக்கும் தட்டு மாதிரி. 'தான் வருவதாகச் சொன்னான்' என்ற அயற்கூற்று வடிவமும் தமிழில் உண்டுதான். அது பெரும்பாலும் எழுத்துக்கும் பத்திரிகைக்கும் உரியது. அதிலும் 'தான்' என்ற சொல் பேசியவனைக் காட்டிக்கொடுத்துவிடும். 'ஹி செட் தட் ஹி வுட் கம்' என்னும் ஆங்கில வாக்கியத்தில் வரப்போகிறவன் பேசியவனா, இல்லை மூன்றாவது ஆளா? வாக்கியம் சொல்லாது. தமிழில் 'தான் வருவதாக' என்றால் ஒருவன், 'அவன் வருவதாக' என்றால் இன்னொருவன்.

இன்னொன்று 'ஆம்'. 'வந்தானாம்', 'சொன்னாகளாம்'. நான் கேட்டதைச் சொல்கிறேன், உண்மைக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்ற முழுக் காப்புறுதியும் ஒரே அசையில். தொல்காப்பியமேகூட 'என்ப', 'மொழிப', 'என்மனார்' என்று விதிக்கு விதி முடித்துக்கொண்டு போவதைத் தமிழ் படித்த எல்லோரும் கண்டிருப்பார்கள். இலக்கணம் என்பதே முன்னோர் சொன்னதை அறிவிக்கும் அயற்கூற்றாக அங்கே நிற்கிறது. இதை ஜனநாயகம் என்று கொண்டாட நான் தயாரில்லை. அந்தப் புலவர்கள் யார், யாரெல்லாம் அதில் சேர்த்தி இல்லை என்ற கேள்வி இருக்கிறது. ஆனால் விதியைச் சொல்கிறவன் விதிக்குப் பின்னால் முழுதாக மறைந்துகொள்ளவில்லை என்பது ஒரு வித்தியாசம்.

அடுத்தவர் பேச்சை ஒரு சமூகம் எப்படி எடுத்துச் சொல்கிறது என்பதிலேயே அதன் அதிகார உறவுகள் படிந்திருக்கும் என்று 1929இல் வந்த மார்க்சியமும் மொழியின் தத்துவமும் பற்றிய நூலில் வொலொஷினோவ் வாதிட்டார். பக்தின் வட்டத்தைச் சேர்ந்தவர். அந்நூலின் மூன்றாம் பகுதி முழுக்க அயற்கூற்றைப் பற்றியதுதான். வாக்கிய இலக்கணத்தில் எங்கோ மூலையில் கிடந்த ஒரு பாடத்தை அவர் சமூகக் கோட்பாட்டின் நடுவீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு எடுத்துக்காட்டுகள் ருஷ்ய, பிரெஞ்சு, ஜெர்மன் நாவல்கள். நமக்கு நாவலும் உண்டு, நீதிமன்றமும் உண்டு. இரண்டுக்கும் ஆள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

நாவல்காரர் பி.ஆர். ராஜமய்யர். 1872இல் வத்தலக்குண்டில் பிறந்து 1898இல் இருபத்தாறு வயதில் செத்துப்போனவர். 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது அவருடைய 'கமலாம்பாள் சரித்திரம்'. கடைசி இரண்டு வருஷம் சென்னையில் 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில மாத இதழின் ஆசிரியராகவும் இருந்தார். வேதாந்தத்தை ஆங்கிலத்தில் எழுதி, ஊர்வம்பைத் தமிழில் எழுதியவர். ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் இடத்துக்கு 'வம்பர் மகாசபை' என்று பேர் வைத்தது அவர்தான். அந்தச் சபையின் மூலதனம் முழுக்க 'ஆம்'தான். அவள் சொன்னாளாம், இவர் கேட்டாராம், அங்கே நடந்ததாம். யாரும் எதையும் நேரில் பார்த்ததாகச் சொல்வதில்லை. ஆனால் ஒரு குடும்பம் குலைகிற அளவுக்குப் பேச்சு நகர்கிறது. பெண்களைக் கேலி செய்யும் பார்வை அதில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தும், பெயரில்லாத பேச்சு எப்படி ஒரு சக்தியாகிறது என்பதைத் தமிழ் நாவல் அதன் பிள்ளைப் பருவத்திலேயே பார்த்துவிட்டது.

ராஜமய்யர் பிறந்த அதே 1872இல்தான் இந்திய சாட்சியச் சட்டம் வந்தது. அதன் 60ஆம் பிரிவு வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்றது. கேட்ட விஷயம் என்றால், காதால் கேட்டவனே வந்து கூண்டில் நிற்க வேண்டும். அதாவது 'ஆம்' கோர்ட்டுக்குள் நுழையக் கூடாது. நல்ல விதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதை எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்த அந்த மூன்று வருஷத்துக்குள் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124-ஏ, அதாவது ராஜதுரோகப் பிரிவு, சேர்க்கப்பட்டது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. ஒன்று பேச்சுக்கு, ஒன்று பிறப்புக்கு, ஒன்று சாட்சிக்கு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

முதலில் பேச்சு. 1884 அக்டோபர் 4ஆம் தேதி வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா 1908இல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல், கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம், கடற்கரைக் கூட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட மாதங்கள் அவை. அதற்கு முந்தின வருஷம் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலத்தில்தான் முழங்கினார். தூத்துக்குடியில் நடந்தது தமிழ். மில் தொழிலாளிக்கும் வண்டிக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் அரசியலைத் தமிழில் பேசியது அன்றைக்குப் புதுசு. 2021இல் வெளிவந்த பெர்னார்ட் பேட்டின் நூல் தமிழ் மேடைப்பேச்சின் தோற்றத்தைப் பாதிரிமார்களின் பிரசங்க மரபிலிருந்து சுதேசி இயக்கம் வரைக்கும் பின்தொடர்ந்து போவதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

1908 மார்ச் 12ஆம் தேதி பிள்ளையும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி. துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வழக்கு கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே முன் நடந்தது. குற்றம் என்ன? பேசியது. பேச்சுக்கு ஆதாரம்? கூட்டத்தில் நின்ற போலீஸ்காரர்கள் எடுத்த குறிப்புகள், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத, தமிழ்ச் சுருக்கெழுத்து போலீஸ் இலாகாவில் வேர்பிடிக்காத காலம். சாட்சியச் சட்டப்படி கூட்டத்தில் காதால் கேட்ட யாரும் வந்து சொல்லலாம்தான். ஆனால் நோட்டும் பென்சிலும் போலீஸ்காரன் கையில் இருந்தன.

கடற்கரை மணலில் ஒரு தமிழ்ப் பேச்சு எழுகிறது. காற்றும் கூட்டமும் கைதட்டலுமாக இருக்கும்போது ஒருவன் தன்னால் முடிந்ததைக் குறிக்கிறான். பிறகு உட்கார்ந்து அதை வாக்கியமாக்குகிறான். அதை இன்னொருவன் ஆங்கிலமாக்குகிறான். அதைக் கடைசியில் ஒரு ஆங்கிலேய நீதிபதி படிக்கிறார். இத்தனை கை மாறிய பிறகும் அது 'அவன் சொன்னது'தான். ஒவ்வொரு கையிலும் என்ன நடக்கும் என்பதற்கு நானே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்கிறேன். சிவா சொன்னதாக அல்ல; எந்த மேடையிலும் யாரும் சொல்லக்கூடிய ஒன்று. 'நாம் தூங்குகிறோம்; நாம் விழித்தால் இவர்கள் ஒரு நாள் இங்கே இருக்க முடியாது.'

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. 'நாங்கள்' என்றால் கேட்கிறவன் வெளியே. 'நாம்' என்றால் கேட்கிற அத்தனை பேரும் உள்ளே. அந்தக் கூட்டத்தில் கேட்கிறவர்களில் ஒருவன் குறிப்பெடுக்கும் போலீஸ்காரன். அவனும் தமிழன்தான். ஆக மேடையிலிருந்து வந்த அந்த 'நாம்' அவனையும் சேர்த்தே அழைத்தது. நீயும் தூங்குகிறாய் என்றது. ஆங்கிலத்தில் 'வி' என்று ஆனவுடனே அந்த அழைப்பு மங்கிவிட்டது. உள்ளேயா வெளியேயா என்று தெரியாது. அதையும் அயற்கூற்றாக மாற்றினால் 'தே'. அவர்கள் தூங்குவதாகவும், அவர்கள் விழித்தால் ஆங்கிலேயர் ஒரு நாளும் அங்கே இருக்க முடியாதென்றும் அவர் சொன்னார். 'இங்கே' 'அங்கே'யாகி, குறிப்பெடுத்தவன் பத்திரமாக வெளியே வந்துவிட்டான். தன்னை நோக்கி நீட்டிய கையை எழுத்தில் வெட்டிய பிறகுதான் அவன் சாட்சியாகிறான். இதை எந்தப் போலீஸ்காரனின் தனிப்பட்ட துரோகமாகவும் நான் பார்க்கவில்லை. இலக்கணம் அந்த வேலையை அவனுக்குச் செய்துகொடுத்துவிடுகிறது.

1908 ஜூலை 7ஆம் தேதி தீர்ப்பு. சிவாவுக்குப் பத்து வருஷத் தீவாந்திரம். பிள்ளைக்குத் தான் பேசியதற்கு இருபது, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபது. இந்த இரண்டாவது இருபதைக் கவனியுங்கள். அடுத்தவன் பேச்சுக்கு இவனுக்குத் தண்டனை. சிவாவைப் பிள்ளையின் கையில் ஒரு கருவியாகவே நீதிபதி பார்த்தார். 'ஹி செட் தட் ஹி' என்பதில் இரண்டு 'ஹி'யும் யார் யார் என்ற பழைய சந்தேகம் இங்கே நாற்பது வருஷமாக வந்து நிற்கிறது. பேசியது சிவா, ஆனால் சிவாவின் 'நா'னுக்குள் இருந்து பேசியது பிள்ளை என்று கோர்ட் கேட்டது. ஒரே அடியில் பிள்ளையின் குற்றம் இரட்டிப்பானது. சிவா தன் பேச்சுக்குத் தானே உரியவன் என்ற மரியாதையையும் இழந்தார். பிறகு மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. சிவாவுக்கு ஆறு வருஷம். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லியே இந்தத் தண்டனைகளைத் தன்னால் ஆதரித்துப் பேச முடியாதென்று வைஸ்ராய் மின்டோவுக்கு எழுதினார்.

அதே ஜூலையில், பதினைந்து நாள் கழித்து, பம்பாயில் திலகருக்கு ஆறு வருஷம் கிடைத்தது. அங்கே குற்றம் 'கேசரி'யில் வந்த மராத்தி எழுத்து. திலகர் தானே வாதாடினார். உயர்நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைக் கூண்டில் நிற்க வைத்து, என் மராத்திச் சொல்லுக்கு இந்த ஆங்கிலச் சொல் எப்படி ஈடாகும் என்று துருவித் துருவிக் கேட்டார். அவர் கையில் அச்சடித்த மூலம் இருந்தது. மூலத்தைக் காட்டி மொழிபெயர்ப்பை மறுக்க முடிந்தது. மேடையில் பேசியவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் பேச்சுக்கு மூலம் என்பதே போலீஸ்காரனின் நோட்டுதான். நேர்கூற்று காற்றில் போய்விட்டது. அயற்கூற்று மட்டும் கட்டுக்குள் இருக்கிறது.

சிவா 1912இல் தொழுநோயோடு வெளியே வந்தார். ரயிலில் ஏறக் கூடாதென்று தடுத்தபோது நடந்தும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1913இல் 'ஞானபாநு' பத்திரிகை ஆரம்பித்தார். 1925 ஜூலை 23ஆம் தேதி பாப்பாரப்பட்டியில் மரணம். பேச்சுக்காக உடம்பு அழுகியவன் திரும்பவும் பேச்சுக்கே போனான் என்பதை எங்கள் ஊரில் விழா எடுப்பவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், உண்மைதான். ஆனால் விழாவில் பேச மறந்துவிடுகிற ஒன்று உண்டு. அதற்குச் சிம்பிள் பிரசன்டுக்கு வர வேண்டும்.

ஆங்கில அயற்கூற்று விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அறிவிக்கும் வினை இறந்தகாலத்தில் இருந்தால் உள்ளே இருப்பதும் இறந்தகாலமாக வேண்டும். ஆனால் என்றைக்கும் உண்மையாக இருப்பதோ, வழக்கமாக நடப்பதோ என்றால் நிகழ்காலத்திலேயே விடலாம். 'பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னார்' என்பதில் 'சுற்றுகிறது' மாறாது. எல்லாப் பேச்சும் பழசாகும். நிரந்தர உண்மை மட்டும் பழசாகாது. சரி, ஒரு வாக்கியம் நிரந்தர உண்மை என்று முடிவு செய்வது யார்? மேடையில் ஒருவன் 'அந்நியன் நம்மைச் சுரண்டுகிறான்' என்றால் அது இறந்தகாலமாகும்: சுரண்டுவதாகச் சொன்னான், அப்போது, அங்கே. அவன் அபிப்பிராயம். அதிகாரி ஒருவர் 'இந்தச் சாதி திருடுகிறது' என்று எழுதினால் அது பூமி சுற்றுவதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஆண்ட ஆங்கில இலக்கணம் ஜே.சி. நெஸ்ஃபீல்டுடையது, 1890களில் வந்தது. நெஸ்ஃபீல்டு வடமேற்கு மாகாணத்திலும் அவதத்திலும் கல்வித்துறையில் இருந்தவர். இலக்கணம் எழுதுமுன் 1885இல் அவர் எழுதிய இன்னொரு புத்தகம் அந்த மாகாணங்களின் சாதி முறை பற்றியது. தொழில்தான் சாதிக்கு அடித்தளம், இன ரத்தம் அல்ல என்பது அவர் வாதம். இன்ன சாதி இன்ன வேலை செய்கிறது, இன்ன சாதி இன்னதைத் தின்கிறது: முழுக்கச் சிம்பிள் பிரசன்ட் கேட்கிற சரக்கு. சாதிப் பட்டியலும் காலப் பட்டியலும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை. நெஸ்ஃபீல்டுக்குப் பிறகு 1930களில் வந்து இன்றுவரை விற்கும் இலக்கணத்தை எழுதிய ரென், மார்ட்டின் இருவரில் ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் இருந்தவர். அந்நியப் படையைப் பற்றிய 'போ கெஸ்ட்' நாவலால் பேர் வாங்கியவர்.

நம் பக்கத்துக்கு மதுரைச் சீமையைப் பற்றி நெல்சன் 1868இல் எழுதினார், பிரான்சிஸ் 1906இல் கெஜட்டியர் எழுதினார், தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதி போட்டார். மானிடவியல்காரர்கள் தாங்கள் ஆராயும் மக்களைத் தங்கள் காலத்துக்கு வெளியே, உறைந்த ஒரு நிகழ்காலத்தில் நிறுத்துவதை யொஹன்னஸ் ஃபேபியன் 1983இல் விரிவாக எழுதிக் காட்டினார். ஐரோப்பாவில் அது ஒரு துறையின் அறிவுப் பிழை பற்றிய விவாதம். உசிலம்பட்டிப் பக்கம் அது சட்டமாக வந்தது.

1911இல் திருத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு கூட்டம் ஜாமீனில் விட முடியாத குற்றங்களை முறையாகச் செய்வதற்கு அடிமைப்பட்டிருக்கிறது என்று அரசு நம்பக் காரணம் இருந்தால் அறிவிக்கை போட்டுவிடலாம். அந்த அறிவிக்கையைக் கோர்ட் கேள்வி கேட்க முடியாது. குற்றம் செய்தான் என்று இறந்தகாலத்தில் நிரூபிக்கத் தேவையில்லை. செய்யப்போகிறான் என்று எதிர்காலத்தில் காட்டத் தேவையில்லை. 'செய்கிறான்' என்ற வழக்க நிகழ்காலம் போதும். 1914 வாக்கில் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் கிராமங்களில் பதிவு தொடங்கியது. கைரேகை, ஆஜர், ஊரை விட்டுப் போக ராதாரிச் சீட்டு. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். சட்டத்தின் பெயரிலிருந்த 'குற்ற'த்தையும் 'பரம்பரை'யையும் விட்டுவிட்டு, தங்கள் கட்டைவிரலுக்கு நடந்ததை மட்டும் பேராக வைத்துக்கொண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி.

இந்த இடத்தில்தான் நம் தியாகி விழாக்கள் சங்கடப்படும். சிவாவுக்கு ஒரு வழக்கு இருந்தது. தேதி, இடம், பேச்சு, சாட்சி, வக்கீல், தீர்ப்பு, மேல்முறையீடு. திரிந்து போனாலும் அவர் பேசினார் என்பதை அரசு ஒப்புக்கொண்டது; ஒப்புக்கொண்டதால்தான் தண்டித்தது. அயற்கூற்று எத்தனை கொடுமையானாலும் அதற்கு ஒரு பேசுகிறவன் தேவை. ரேகைச் சட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. அங்கே யாரும் எதுவும் சொன்னதாக இல்லை. அக்கிரகாரத்தில் பிறந்து ஆங்கிலம் படித்தவன் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் ஜெயிலுக்குப் போனான். கரட்டுக்காட்டுக்காரன் சிம்பிள் பிரசன்டில் பிறக்கும்போதே ஜெயிலில் இருந்தான். முதலாவதற்கு நம்மிடம் சிலை இருக்கிறது, பாடப்புத்தகத்தில் பாடம் இருக்கிறது. இரண்டாவதைச் சாதிச் சங்கத்தின் காரியமாக ஒதுக்கிவிட்டோம். சங்கமும் அதைப் பெருமைக் கதையாக மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1948இலேயே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 'பரம்பரை' போய் 'வழக்கம்' வந்தது. காலம் மட்டும் மாறவில்லை. ரேகைச் சட்டத்தோடு சேர்த்து ஆரம்பித்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. அங்கேயும் ஆங்கிலத்தின் முதல் பாடம் சிம்பிள் பிரசன்ட்தான். 124-ஏ பிரிவை 1962இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. 2022 மே 11இல் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி தண்டனைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் சேர்ந்தே போய்ப் புதுச் சட்டங்கள் வந்தன. ராஜதுரோகம் என்ற பேர் இல்லை, 152ஆம் பிரிவில் பேச்சு இருக்கிறது.

ஆங்கிலத்தை வைது தமிழைத் தூக்கிவைப்பதாக யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. தமிழில் வழக்கத்தைச் சொல்லச் 'செய்யும்' என்ற வாய்பாடு உண்டு. மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையைத் தொல்காப்பியம் அதில் சொல்லச் சொல்கிறது. மலை நிற்கும், ஆறு ஓடும். சங்கச் செய்யுளில் 'கின்று' மிக அரிது. 'கிறு', 'கின்று', 'ஆநின்று' என்று நிகழ்கால இடைநிலைகளை எண்ணி வைத்தது நன்னூல். மலைக்கும் ஆற்றுக்கும் இருந்த அந்த இயற்கையை மனுஷனுக்கு மாட்டிவிட நமக்கு எந்த வெள்ளைக்காரனும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். காலனித் தெருவைப் பற்றி, பக்கத்துச் சாதியைப் பற்றி, 'அவுக அப்படித்தான்' என்பார்கள். வினைச்சொல்லே இல்லாத வாக்கியம். காலமே இல்லை. நெஸ்ஃபீல்டுக்குக்கூட ஒரு வினை தேவைப்பட்டது.

பத்திரிகைத் தமிழ் இன்னொரு வகை. 'கொள்ளையடிக்கத் திட்டமிட்டதாகக் கூறப்படுகிறது.' யார் கூறியது? 'ஆம்' என்ற அசையில் இருந்த கூச்சம்கூட இதில் கிடையாது. வம்பர் மகாசபையில் பேசுகிறவளுக்காவது ஒரு முகம் இருந்தது.

இதெல்லாவற்றையும்விட நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது காவல்நிலையத் தமிழ். ஸ்டேஷனில் ரைட்டர் எழுதுவது அயற்கூற்றில் அல்ல, நேர்கூற்றில். 'நான் மேற்படி விலாசத்தில் என் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். கூலி வேலை செய்து வருகிறேன்.' தமிழில் யாரும் வாயால் இப்படிப் பேசுவதில்லை. 'குடியிருக்கேன், காட்டு வேலைக்குப் போறேன்' என்றுதான் சொல்வார்கள். 'வருகிறேன்' என்ற இந்த வால் ஆங்கில வழக்க நிகழ்காலத்துக்குக் காவல்துறை கண்டுபிடித்த தமிழ் என்று எனக்குத் தோன்றுகிறது. 'நான்' என்று ஆரம்பிப்பதால் படிக்கிறவர்களுக்கு அது அவளே பேசியது. ஆங்கில இலக்கணம் 'நா'னை 'அவன்' ஆக்கிப் பேச்சைப் பறித்தது. இங்கே 'நா'னை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற எல்லாம் எடுக்கப்படுகிறது. அயற்கூற்று நேர்கூற்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

கூலி பாக்கி கேட்கப் போய் அடிவாங்கிய ஒரு பெண்மணியோடு ஒருமுறை ஒரு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். எல்லா இடத்திலும் இதுதான். அந்தம்மா சொன்னது முழுக்க 'ன்னு'வும் 'ன்னான்'னுமாக இருந்தது. வெளிய போடின்னான், போக மாட்டேன்னேன், கைய ஓங்கினான். சாதிப் பேர் சொல்லி அவன் வைததையும் அப்படியே சொன்னாள். ரைட்டர் எழுதியதில் அந்த வசவு, 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று ஆகியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சொன்ன சொல்லை அதே சொல்லாக எழுதுங்கள் என்று கேட்டோம். 'அதத்தான சார் எழுதியிருக்கேன்' என்றார். அரை மணி நேரம் பேசிய பிறகு புது வெள்ளைத்தாள் எடுத்தார். இரட்டை மேற்கோள் போட்டு அந்தச் சொல்லை எழுதினார். கடைசி வரி வழக்கமான வரிதான்: படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது. அதற்குக் கீழே இடது கைப் பெருவிரல் ரேகை.